மாசா மாசம் காசு கட்டி சாஃப்ட்வேர் ஓட்டுறாங்களே, எதுக்கு?

சென்னைல அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம்னு எஸ்டேட் எஸ்டேட்டா (தொழிற்பேட்டைங்க) சுத்தி, கம்பெனிகளோட பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், பில் பாஸிங் (வந்த பில்லை சரி பாத்து பணம் குடுக்க விடுறது) இதையெல்லாம் சிஸ்டத்துல ஏத்தி குடுக்கிறதுதான் என் பொழப்பு. இப்போ எங்க போனாலும் கிளவுட்தான் கேக்குறாங்க (சாஃப்ட்வேரும் டேட்டாவும் விக்கிறவங்க பக்கம் இருக்கும், நாம இன்டர்நெட்ல யூஸ் பண்ணிட்டு மாசா மாசம் காசு கட்டணும்), சர்வர் வாங்கலாமான்னு கேக்குற ஆளையே காணோம். ஏன் இப்படி மாறிட்டாங்கன்னு விக்கிறவங்ககிட்ட கேட்டா எல்லாரும் ஒரே பாட்டுதான், "செலவு கம்மி சார்". எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல.

நீங்களே கணக்கு போடுங்க. 40 பேர் யூஸ் பண்ற கம்பெனி, ஆளுக்கு மாசம் 800 ரூபான்னு வச்சுப்போம், மாசம் 32,000 ஆச்சு, வருஷத்துக்கு 3,84,000, அஞ்சு வருஷத்துல 19 லட்சத்தை தாண்டிடும், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி (நாம கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம், சரி). பழைய மாதிரி சர்வர் வாங்கி லைசன்ஸ் எடுத்து ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டு ஓட்டினா நிறைய இடத்துல இதைவிட கம்மியாவே முடியும். ஆனா அதுக்கு பணத்தை மொத்தமா மொதல்லயே எடுத்து வைக்கணும், அங்கதான் சிக்கல். அண்ணன் தம்பி மூணு பேர் பார்ட்னரா இருக்கிற கம்பெனில பத்து லட்ச ரூபா செலவுன்னா மூணு பேரும் உக்காந்து பேசணும், ஆடிட்டரை கேக்கணும், பெரியவர் "இப்போ எதுக்குப்பா இது"ம்பார், அப்புறம் ஆடி வந்துடும், ஆவணில பாத்துக்கலாம்னு போயிடும். மாசம் 32,000ன்னா ஃபேக்டரி மேனேஜரே கையெழுத்து போட்டுடுவார், கரெண்ட் பில்லோட செலவு கணக்குல சேந்துடும். புடிக்கலன்னா நிறுத்திக்கலாம்னு ஒரு தைரியம் வேற. நிறுத்தினவங்களை நான் அவ்வளவா பாத்ததில்ல, அது வேற கதை.

அப்புறம் தண்ணி. சென்னைல சர்வர் எங்க வைப்பாங்க, மாடிப்படிக்கு கீழ ஒரு தடுப்பு போட்டு, ஒரு ஸ்ப்ளிட் ஏசி மாட்டி, யூபிஎஸ் பேட்டரி ரெண்டை தரைலயே வச்சு, பேக்கப் எடுக்கிற ஹார்ட் டிஸ்கையும் அதே ரேக்கு மேலயே வச்சிருப்பாங்க. 2015 டிசம்பர்ல வெள்ளம் அடிச்சப்போவே பாதி பேருக்கு புத்தி வந்துச்சு, மீதி பேருக்கு 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள தண்ணி புகுந்து நின்னுச்சே, அப்போ வந்துச்சு. மெஷின் நனைஞ்சா இன்சூரன்ஸ் பேசலாம், மோட்டரை ரீவைண்டிங் பண்ணிக்கலாம், யார் எவ்ளோ தரணும்ங்கிற லெட்ஜர் நனைஞ்சா எவன்கிட்ட போய் பேசுறது. வீட்ல போர்வெல் இருந்தாலும் குடிக்க கேன் தண்ணிதானே வாங்குறோம், மோட்டர் ஃபில்டர்னு யார் அதை பாத்துக்கிறதுன்னு, சர்வர் விஷயமும் இப்போ அங்க வந்து நிக்குது.

ஆனா உண்மையான காரணம் என்னன்னு என்னை கேட்டா, சட்டம் மாறுற வேகம்னு சொல்லுவேன். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்துச்சு. 2020 அக்டோபர்ல இ-இன்வாய்ஸ் (பில்லை அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்றது), அப்போ 500 கோடி டர்ன்ஓவருக்கு மேல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான், நம்மாளுங்க எல்லாம் "அது டிவிஎஸ், அசோக் லேலாண்டுக்குப்பா"ன்னு சிரிச்சாங்க. அந்த லிமிட் 100, 50, 20, 10னு எறங்கி எறங்கி 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு வந்துடுச்சு, இப்போ நட்டு போல்ட் பண்றவரும் உள்ள. நடுவுல 2023 ஏப்ரல்லேந்து கம்பெனி சட்டத்துல பதிவான கம்பெனின்னா அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர்ல எடிட் லாக் (யார் எப்போ எதை மாத்தினாங்கங்கிற பதிவு) இருக்கணும், அதை ஆஃப் பண்ண முடியாத மாதிரி இருக்கணும்னு ரூல். 2025 செப்டம்பர் 22, நவராத்திரி மொத நாள், ஜிஎஸ்டி 12%லயும் 28%லயும் இருந்த பெரும்பாலான ஐட்டம் 5க்கும் 18க்கும் மாறுச்சு, அறிவிச்சதுக்கும் அமலுக்கு வந்ததுக்கும் மூணு வாரம் கூட இல்ல. சொந்த சர்வர்ல ஓடுற சாஃப்ட்வேர்ன்னா ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து பேட்ச் (திருத்தின ப்ரோக்ராம்) போடணும், போட்டா ஏற்கனவே நமக்குன்னு மாத்தி எழுதின ரிப்போர்ட் உடையும், எழுதின பையன் இப்போ வேற கம்பெனில இருப்பான். கிளவுட்ல எல்லா கஸ்டமருக்கும் ஒரே ப்ரோக்ராம்தான் ஓடுது, ஒரு இடத்துல மாத்தினா ராத்திரியோட ராத்திரியா எல்லாருக்கும் மாறிடும். அதனாலயே "எங்களுக்கு மட்டும் இப்படி பண்ணி குடுங்க"ன்னு இஷ்டத்துக்கு மாத்த முடியாது. ஓனருங்களுக்கு இதுல கோவம் வரும், எனக்கு என்னவோ அது நல்லதுக்குத்தான்னு படுது, பல கம்பெனில "எங்க ஸ்டைல்"னு சொல்றதுல பாதி முப்பது வருஷம் முன்னாடி யாரோ ஒரு ஸ்டோர்கீப்பர் அவர் வசதிக்கு ஆரம்பிச்சதா இருக்கும்.

பில் பாஸிங்னு ஒண்ணு இருக்கே, அதை பத்தி தனியா பொலம்பலாம். சரக்கு வரும், கேட்ல என்ட்ரி, ஸ்டோர்ஸ்ல ஜிஆர்என் (சரக்கு வந்து சேந்துச்சுன்னு போடுற சீட்டு), தரம் பாக்கிற க்யூசி ஓகே சொல்லணும், பர்ச்சேஸ்ல ரேட் சரி பாக்கணும், அப்புறம் அக்கவுண்ட்ஸ். இந்த அஞ்சு மேஜைல பில் எந்த மேஜைல தூங்குதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு கட்டைவிரல் இருக்கும், அது அப்ரூவலா இல்ல சும்மா பாத்தேன்னு அர்த்தமான்னு சண்டை நடக்கும். முன்னாடி இது வெண்டரோட தலைவலி. வருமான வரி சட்டத்துல 43பி(ஹெச்)னு ஒண்ணு 2023-24 நிதியாண்டுலேந்து வந்ததும் வாங்குறவனோட தலைவலியும் ஆயிடுச்சு. மைக்ரோ, ஸ்மால் கம்பெனிகிட்ட சரக்கு வாங்கினா எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாள், அதுக்குள்ள பணம் குடுக்காம வருஷக் கடைசியும் தாண்டிடுச்சுன்னா அந்த வருஷ செலவா காட்ட முடியாது, பணம் குடுக்கிற வருஷத்துலதான் காட்டலாம். அந்த மார்ச்ல நான் பாத்த ஓட்டம் இருக்கே! பில் எங்க நிக்குது, எத்தனை நாளா நிக்குது, யார் மேஜைலன்னு ஸ்க்ரீன்ல தெரிஞ்சாகணும்னு ஓனரே கேக்க ஆரம்பிச்சது அப்பறம்தான், அது வரைக்கும் ஒர்க்ஃப்ளோன்னு (பில் யார்கிட்டேந்து யார்கிட்ட போகணும்னு சிஸ்டமே நடத்துறது) சொன்னா கொட்டாவி விடுவாங்க.

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு சௌகரியம், இந்த மாதிரி கிளவுட் சாஃப்ட்வேர் பண்றவங்களே பக்கத்துல இருக்காங்க. 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு இப்போ சோஹோவா இருக்கிறது கூடுவாஞ்சேரி பக்கம், 2010ல இங்க ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021ல அமெரிக்க ஷேர் மார்க்கெட் நாஸ்டாக் வரைக்கும் போச்சு, அப்ரூவல் ஒர்க்ஃப்ளோவுக்குன்னே கிஸ்ஃப்ளோ, இப்படி சந்தால விக்கிற கம்பெனிகளுக்கு பில்லிங் பண்ணவே சார்ஜ்பீன்னு ஒண்ணு. ஒரு ஓனர் என்கிட்ட சொன்னது, "ஏதாச்சும் ஆச்சுன்னா ஜிஎஸ்டி ரோட்ல நேரா வண்டிய விட்டா போச்சு" (இந்த ஜிஎஸ்டி வரி இல்ல, கூடுவாஞ்சேரி வழியா போற ஹைவே). அப்படி போனா கேட்லயே நிறுத்திடுவாங்க சார்னு நான் சொல்லல.

சிக்கலும் இருக்கு, இல்லன்னா நான் பொய் சொல்றவன் ஆயிடுவேன். ஆளுக்கு இவ்ளோன்னு காசுங்கிறதால அஞ்சு பேருக்கு ஒரே லாகின் குடுத்துட்டு பாஸ்வேர்டை மானிட்டர்ல ஒட்டி வச்சிருப்பாங்க, அப்புறம் யார் அப்ரூவ் பண்ணாங்கன்னு லாக்ல பாத்தா எல்லாமே "ஸ்டோர்ஸ்1". ஓனர் கார்டுல ஆட்டோ பேமெண்ட் போட்டு வச்சிருப்பாங்க, ரிசர்வ் பேங்க் ரூல்படி 15,000 ரூபாக்கு மேலன்னா ஒவ்வொரு தடவையும் ஓடிபி போடணும், அவர் மாலை போட்டு சபரிமலை போயிருப்பார், இங்க மெசேஜ் மேல மெசேஜ் வந்துட்டிருக்கும்.

பெரிய பயம் டேட்டா. 2025 ஜூலைல ஐரோப்பிய யூனியன் தடை போட்டதும் ரஷ்யக் கம்பெனி பங்கு வச்சிருக்கிற நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சர்வீஸை நிறுத்திடுச்சு, அவங்க டெல்லி ஹைகோர்ட்டுக்கு போனாங்க, அதுக்கப்புறம் சர்வீஸ் திரும்ப வந்துச்சு. அவ்ளோ பெரிய ரிஃபைனரிக்கே கோர்ட் வாசல்னா திருமுடிவாக்கத்துல இருக்கிறவர் எங்க போவார். அதனால டெமோவுக்கு வர்ற தம்பிகிட்ட டாஷ்போர்டு கலரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு, மொத்த டேட்டாவையும் அட்டாச்மெண்டோட எப்படி வெளிய எடுக்கிறதுன்னு அங்கயே செஞ்சு காட்ட சொல்லுங்க, சந்தா முடிஞ்சப்புறம் எத்தனை நாள் வச்சிருப்பாங்கன்னு ஒப்பந்தத்துல எந்த பக்கத்துல இருக்குன்னு கேளுங்க. "மெயில் பண்றேன் சார்"னு சொன்னார்னா, அந்த மெயில் வர்ற வரைக்கும் கையெழுத்து போடாதீங்க.