சாங்கியிலிருந்து ஜகார்த்தாவுக்கு: ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள்

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து ஜகார்த்தாவின் சுகர்னோ-ஹத்தா விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 880 கிலோமீட்டர். டிக்கெட்டில் 1 மணி 50 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் காலை 9 மணிக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது மணி 9.50தான். மேற்கு இந்தோனேசிய நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கணக்கு.

விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வரும் நேரமும் அந்த 1.50-க்குள் அடக்கம். அதைக் கழித்தால் வானில் இருப்பது ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, திரும்ப வாங்குவதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். பலரும் தூங்கியே கழிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு பார்க்கக் கிடைக்கும் வழி அதிகம் இல்லை.

கிளம்பிய சற்று நேரத்திலேயே ரியாவ் தீவுகள் வந்துவிடும். லிங்கா தீவுப் பக்கம் போகும்போது பூமத்திய ரேகையைக் கடக்கிறோம். சிங்கப்பூரே ரேகைக்கு 150 கிலோமீட்டர் வடக்கில்தான் இருக்கிறது. அறிவிப்பு ஒன்றும் வராது, இருக்கைத் திரையில் வரைபடம் இருந்தால் அதில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் பங்கா தீவு. நான் இடப்பக்க ஜன்னலில் இருந்தேன், மேகமும் அன்று விலகியிருந்தது. பச்சைக் காட்டுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் குளங்கள்: ஒன்று பாசிப்பச்சை, அடுத்தது நீலம், இன்னொன்று பால் கலந்தாற்போல வெளிறிப்போய். சுற்றிலும் மரமே இல்லாத வெள்ளை மணல். பார்க்க அழகுதான், ஆனால் அத்தனையும் வெள்ளீயம் தோண்டிய பள்ளங்கள். டச்சுக்காரர் காலத்துக்கும் முன்பே தொடங்கிய சுரங்கத் தொழில் இன்றும் நிற்கவில்லை. நம் போனுக்குள் இருக்கும் ஈயப்பற்றுக்கு இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வெள்ளீயம் போகிறது. காடு இழந்த விலையை மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரிகிறது.

அதைத் தாண்டினால் ஜாவாக் கடல். சுகர்னோ-ஹத்தா இருப்பது ஜகார்த்தாவை ஒட்டிய தங்கராங்கில். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா ஆன் அரைவல் உண்டு, 5 லட்சம் ரூபியா. முன்பே இணையத்தில் எடுத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம். நகரத்துக்குப் போக விமான நிலைய ரயிலே நல்லது. டோல் சாலையில் மாலை நேரத்தில் மாட்டினால் பறந்த நேரத்தைவிடக் காரில் இருக்கும் நேரம் கூடிவிடும். வீட்டு வாசலிலிருந்து ஓட்டல் வாசல் வரை ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள், சரியாக இருக்கும்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். மாலை 6 மணிக்கு ஏறினால் சாங்கியில் இரவு 8.50. அன்றிரவே ஊருக்கு இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தை மறக்காமல் சேர்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.