அப்பத்தாவின் முறம்

எங்கள் அப்பத்தாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று பர்மாவின் யாங்கோன் (ரங்கூன்) நகரிலுள்ள வீட்டில் நிறைவுற்றது. 1964 மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாது என்று அரசு அறிவித்தபோது, அவர் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதமானது. கடைகள் அரசுடைமையாகி, உடன்பிறந்தோர் ஒவ்வொருவராகச் சென்னைக்குக் கப்பலேறியபோதும், படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரை விட்டுப் போக மனமின்றி அவர் இங்கேயே தங்கிவிட்டார். அந்த முடிவின் கனத்தை ஒருநாளும் எங்கள்மீது இறக்கி வைத்ததில்லை.

தமிழ்ப் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், அப்பாவுக்கும் அத்தைமாருக்கும், பிறகு பேரப்பிள்ளைகளான எங்களுக்கும், முறத்தில் அரிசியைப் பரப்பி, விரலைப் பிடித்து அகரம் எழுத வைத்தவர் அவரே. இந்தப் பதிவை நான் தமிழில் எழுத முடிவதும் அதனால்தான். பள்ளிக்குக் கிளம்பும்போது கன்னத்தில் தனாக்கா என்னும் மரப்பட்டைக் குழம்பும் நெற்றியில் திருநீறும் அவர் கையால் இட்டுவிடுவார். தனாக்காக் கட்டையை அவர் கல்லில் இழைக்கும் ஓசையில்தான் எனக்குப் பொழுது விடியும்.

தீபாவளிக்கு நாங்கள் வாங்கித் தரும் சேலையைக்கூட அத்தைமாருக்கே கொடுத்துவிடுவார்.

நேற்று மாலை என் மகள் அந்த முறத்தை எடுத்து வந்து, அடுத்த எழுத்து என்னவென்று கேட்டாள். அப்பத்தா அவளுக்கு ஈகாரம் வரை சொல்லிக் கொடுத்திருந்தார்.