கொடியை வெட்டும் முன் ஒரு நிமிடம்

பிரசவ அறையில் பணியாற்றும் செவிலியர்களுக்கு, குழந்தை வெளியே வந்ததுமே கைகள் தாமாக இயங்கத் தொடங்கிவிடும். உடனே கிளாம்ப் போட்டுத் தொப்புள் கொடியை வெட்டுவதுதான் நெடுங்காலம் அந்தக் கைகளின் முதல் வேலையாக இருந்தது. இப்போது, குழந்தை நன்றாக அழுதால், குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

அந்த நேரத்தில் கொடியை இரு விரல்களுக்கிடையே பிடித்தால் துடிப்பு தெளிவாகத் தெரியும். நீலம் பாய்ந்து முறுக்கேறியிருக்கும் கொடி, சில நிமிடங்களில் துடிப்பு ஓய்ந்து, வெளிறித் துவண்டுவிடும். கருப்பைச் சுவரோடு ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியில் (பிளாசென்டா) தங்கியிருந்த இரத்தம் அதற்குள் குழந்தையிடம் போய்ச் சேர்கிறது: நிறைமாதக் குழந்தைக்கு முதல் நிமிடத்தில் ஏறத்தாழ 80 மில்லி, மூன்று நிமிடங்களில் சுமார் 100 மில்லி. பிறந்த குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே கால் லிட்டர் அளவுதான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய பங்கு என்பது புரியும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு என்பதால், முதல் ஆறு மாதங்களுக்கு இந்த இரத்தத்தோடு வரும் இரும்புச் சேமிப்புதான் குழந்தைக்குக் கைகொடுக்கிறது.

பரபரப்பான அறையில் ஒரு நிமிடம் மிக நீளமானது. பாதி நேரம் ஆகும்முன்பே எல்லோருக்கும் நேரம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமிக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். மற்றவர்கள் சும்மா நிற்பதில்லை. குழந்தையைத் துடைத்துத் தாயின் வயிற்றின்மீது கிடத்தி, உலர்ந்த துணியால் போர்த்துகிறோம். கருப்பையைச் சுருங்கவைத்து இரத்தப்போக்கைக் குறைக்கத் தாய்க்குப் போடும் ஆக்ஸிடாசின் ஊசியையும் தள்ளிப்போடுவதில்லை. காத்திருப்பதால் தாய்க்கு இரத்தப்போக்கு கூடுவதுமில்லை.

குறைமாதக் குழந்தைகளுக்கே இந்த நிமிடம் அதிகம் தேவை; அவர்களிடம்தான் நமக்குப் பதற்றமும் அதிகம். காத்திருந்தால் அவர்களில் இறப்பும், பின்னர் இரத்தம் ஏற்றவேண்டிய தேவையும் குறைகின்றன. அவசரத்துக்காகக் கொடியை உருவி இரத்தத்தைத் தள்ளுவது இதற்கு மாற்றாகாது. 28 வாரங்களுக்கு முன் பிறந்தவர்களுக்கு அது மூளையில் கடுமையான இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டாலோ, தாய்க்கு இரத்தம் கட்டுக்கடங்காமல் போனாலோ, காத்திருப்புக்கு இடமில்லை.

கூடுதல் இரத்தம் கிடைத்த குழந்தைகளில் சிலருக்கு மஞ்சள் காமாலை சற்று அதிகமாகி, ஒளி சிகிச்சை தேவைப்படலாம். அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது, குழந்தையின் கண்ணிலோ தோலிலோ மஞ்சள் படர்ந்தால் அன்றே தூக்கி வரும்படி ஒவ்வொரு தாயிடமும் சொல்லி அனுப்புகிறோம்.