காகித ஃபில்டரா, பருத்தி ஃபில்டரா: அளந்து பார்த்து எடுத்த முடிவு

என் காரில் இருப்பது டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். அதன் ஏர் ஃபில்டரை மாற்றும் தவணை வந்ததும், வழக்கமான காகித ஃபில்டரோடு, அதே பெட்டியில் பொருந்தக்கூடிய பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் ஒன்றையும் வாங்கினேன். இது எண்ணெய் தடவிய பருத்தித் துணி அடுக்குகளால் ஆனது. காற்று தடையின்றிப் போகும், அதனால் பிக்கப் கூடும், கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பவை இதைப் பற்றிச் சொல்லப்படும் மூன்று நன்மைகள். மூன்றாவதில் சந்தேகம் இல்லை. முதல் இரண்டையும் அளந்து பார்க்க விரும்பினேன்.

ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது திறந்து இன்ஜினுக்குள் காற்றை விடும் தகடு) இடைப்பட்ட குழாயில் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையை, பாதியளவு நீர் நிரப்பி ‘யு’ வடிவில் வளைத்த ஒளிபுகும் குழாயோடு இணைத்தேன். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது வளைவின் இரு பக்கங்களிலும் நீர்மட்டம் வேறுபடும். அந்த வேறுபாடுதான் காற்று வழியில் உள்ள தடையின் அளவு. நீர் இன்ஜினுக்குள் போய்விடாதபடி வளைவின் இரு பக்கங்களும் மிக உயரமாக இருப்பது கட்டாயம். ஆளில்லாத சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தி ஓட்ட, பக்கத்தில் இருந்த நண்பர் மட்டத்தைக் குறித்துக்கொண்டார்.

புதிய காகித ஃபில்டரைவிடப் பருத்தி ஃபில்டரில் தடை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு விரல் அகல நீர்மட்டம், அதாவது 15 மில்லிமீட்டர் அளவுதான். வளிமண்டல அழுத்தமோ சுமார் 10,300 மில்லிமீட்டர் உயர நீருக்குச் சமம். ஆகவே இன்ஜினுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் காற்று ஏறத்தாழ 0.15 சதவீதம், 80 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினில் இது 0.1 குதிரைத்திறன் அளவுக்குத்தான் வரும். அன்றாட ஓட்டத்திலோ த்ராட்டில் பாதிகூடத் திறப்பதில்லை என்பதால், அந்தத் தகடு ஏற்படுத்தும் தடைக்கு முன் ஃபில்டரின் தடை ஒரு பொருட்டே அல்ல. பருத்தி ஃபில்டரோடு ஓட்டும்போது இன்ஜின் காற்றை உறிஞ்சும் ஓசை கூடுதலாகக் கேட்கிறது. பிக்கப் கூடிவிட்டது என்று பலர் உணர்வதற்கு இந்த ஓசையே காரணம் என்பது என் எண்ணம்.

மைலேஜைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன கார்களில் ஃபில்டர் நன்றாக அடைத்துக்கொண்டாலும் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது என்று அது காட்டியது. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப எரிபொருளைக் கணினி குறைத்துவிடுவதே காரணம்; கார்புரேட்டர் வண்டிகளின் கதை வேறு.

என் முடிவைத் தீர்மானித்தது தூசிதான். ஒவ்வொரு ஃபில்டரையும் சில மாதங்கள் ஓட்டியபின் கழற்றி, ஃபில்டரைத் தாண்டிய பக்கத்துக் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்தேன். காகித ஃபில்டருக்குப் பின் துணி உலர்ந்தும் வெளுப்பாகவும் இருந்தது. பருத்தி ஃபில்டருக்குப் பின் லேசான எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய மாவு போன்ற நுண்தூசியும் துணியில் தெரிந்தன. தூசியில் உள்ள சிலிக்கா, சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கக்கூடியது. பருத்தி ஃபில்டரில் எண்ணெய் குறைந்தால் தூசி நழுவும், மிகுந்தால் அந்த எண்ணெயே காற்றோடு போய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் சூடான கம்பியில் படியும். அதன்பின் சென்சார் காற்றின் அளவைத் தவறாகக் காட்டத் தொடங்கும். கழுவிய பிறகு நிழலில் முழுதாக உலரவிட்டு, அளவாக எண்ணெய் தடவ வேண்டும் என்பதால், பொறுமையில்லாதவர் கையில் இது ஆபத்தான பொருள்.

காகித ஃபில்டரையும் அடிக்கடி கழற்றிப் பார்ப்பதோ, கம்ப்ரசர் காற்றால் ஊதுவதோ நல்லதல்ல. மேலே படியும் மெல்லிய தூசிப் படலமே அடுத்து வரும் தூசியைத் தடுக்க உதவுகிறது என்பதோடு, பலமான காற்று காகிதத்தைக் கிழித்தும் விடலாம்.

ஆகவே காகித ஃபில்டரையே திரும்பப் பொருத்தியிருக்கிறேன். கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் என்று இன்ஜினையே மாற்றியமைத்து, பந்தயத் தடத்தில் முழு த்ராட்டிலில் ஓட்டுபவர்களுக்குப் பருத்தி ஃபில்டர் பொருத்தமாக இருக்கலாம். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த முறை இன்ஜின் ஆயிலை மாற்றும்போது, பழைய ஆயிலில் சிறிதளவை ஆய்வுக்கு அனுப்பி, தூசி உள்ளே போனதற்கு அடையாளமான சிலிக்கான் அதில் எவ்வளவு கலந்துள்ளது என்று பார்க்க இருக்கிறேன்.