கப்பல் தளத்தில் எடுத்த கணக்கு

அண்டார்டிகா பக்கம் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றி டூத்ஃபிஷ் என்ற பெரிய ஆழ்கடல் மீனைப் பிடிக்கும் கப்பல்களில் அறிவியல் பார்வையாளராகச் சில பருவங்கள் வேலை பார்த்தேன். பார்வையாளர் மீன் பிடிப்பதில்லை, யாருக்கும் உத்தரவு போடுவதுமில்லை. ஏறும் மீனை அளந்து எடை போட வேண்டும், சிலவற்றின் தலையைப் பிளந்து செவிக்கல்லை, அதாவது காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லை, எடுக்க வேண்டும், இன்னும் சிலவற்றுக்கு அடையாள வில்லை குத்தி உயிரோடு கடலில் விட வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

செவிக்கல்லை வெட்டிப் பார்த்தால் வளையங்கள் தெரியும், அதை வைத்துத்தான் வயதைச் சொல்கிறார்கள். டூத்ஃபிஷ் ஐம்பது ஆண்டு வரைகூட வாழும். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே பத்து ஆண்டு போல ஆகிவிடும். என்னைவிட மூத்த மீன் மேசைக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. இதே தீவுக் கடலில்தான் 1969-70 பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் மார்பிள்ட் ராக்காட் மீனை அள்ளினார்கள். 1985இல் தடை வந்தும் பல பத்தாண்டுகளுக்கு அது தேறவில்லை.

ஆனால் பறவைகள் விஷயத்தில் நிலைமை மாறியதற்கு நானே சாட்சி. ஆயிரங்கால் தூண்டிலை, அதாவது வரிசையாக முட்கள் கட்டிய நீண்ட கயிற்றை, இறக்கும்போது இரைக்குப் பாயும் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை முள்ளில் மாட்டி மூழ்கிவிடும். 1990களில் இங்கே ஆயிரக்கணக்கில் அப்படிச் செத்தன. பார்வையாளர்கள் எண்ணி எழுதிய பிறகுதான் விதிகள் வந்தன: குளிர்காலத்தில் மட்டும் மீன்பிடிப்பு, இரவில் மட்டும் தூண்டில் இறக்குதல், கயிறு சீக்கிரம் மூழ்க எடை, பின்னால் பறவைகளை விரட்டும் வண்ணக் கயிறுகள். இன்று இந்தக் கடலில் தூண்டிலில் சாகும் பறவை மிக அரிது. அந்த வண்ணக் கயிறு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

விதி போட்டால் பலன் உண்டு என்று கண்ணால் பார்த்ததால்தான், இறால் போன்ற சின்ன உயிரான கிரில் விவகாரம் எனக்கு இவ்வளவு கோபம் தருகிறது. திமிங்கிலம், சீல், பெங்குவின் எல்லாவற்றுக்கும் அதுதான் சாப்பாடு. தென் அட்லாண்டிக் பக்கம் ஆண்டுக்கு 6.2 லட்சம் டன் என்று வரம்பு உண்டு. ஒரே இடத்தில் குவிந்து அள்ளக்கூடாது என்பதற்காக அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தும் வைத்திருந்தார்கள். 2024இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கூடிய, அண்டார்டிகக் கடல் உயிர்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையத்தில் நாடுகளுக்குள் ஒப்புதல் வராமல் அந்தப் பங்கீடு காலாவதியானது. எல்லா நாடும் சம்மதித்தால்தான் அங்கே எதுவும் நடக்கும். அடுத்த ஆண்டே, நவம்பர் வரை ஓட வேண்டிய பருவம் வரம்பு நிரம்பி ஆகஸ்ட்டிலேயே மூடப்பட்டது. குஞ்சு வைத்திருக்கும் பெங்குவின் இரை தேடி வெகுதூரம் போக முடியாது. அந்தப் பங்கீடு உடனே திரும்ப வர வேண்டும்.