சேலத்தில் இருந்துகொண்டு உலக கிளைடர் போட்டியைப் பின்தொடர்ந்த அனுபவம்

2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நாரோமைன் என்ற சின்ன ஊரில் உலக கிளைடர் போட்டி நடந்தது. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாமல் காற்றை நம்பிப் பறக்கும் விமானம்; குறித்த பாதையைச் சுற்றி வேகமாகத் திரும்புவதுதான் போட்டி. இங்கே அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்க மாட்டார்கள். எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் அக்கா மகன். அந்தப் பக்கம் வேலைக்குப் போனவன், ஒரு தேசிய அணிக்குத் தரைப்பணி உதவியாளாகச் சேர்ந்துவிட்டான். "மாமா, காலையில் லிங்க் அனுப்புறேன், மேப்பில் பாருங்க" என்றான். சரி என்றேன். பார்க்கக் கற்றுக்கொள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நேரம் மட்டும் வசதியாக இருந்தது. அவர்கள் கடிகாரம் அப்போது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே நண்பகலில் மேலே ஏறினால் இங்கே காலை ஆறரை. செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையைத் திறந்து ஆட்கள் வந்து உட்காரும்போது வரைபடத்தில் புள்ளிகள் நகரத் தொடங்கியிருக்கும். அந்த வாரம்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. எல்லோர் போனிலும் வெள்ளம், என் போனில் மட்டும் வெயில் காயும் கோதுமை வயல்கள்.

முதலில் புரிந்தது எடைக் கணக்கு. எங்கள் தொழிலே எடை என்பதால் இருக்கலாம். அங்கே மூன்று பிரிவுகள்: கிளப், ஸ்டாண்டர்ட், 15 மீட்டர். பின்னால் சொன்ன இரண்டிலும் இறக்கை நீளம் 15 மீட்டர்தான். ஸ்டாண்டர்டில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் பகுதி) கிடையாது, மற்றதில் உண்டு. இரண்டிலும் இறக்கைக்குள் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஆளும் தண்ணீரும் சேர்த்து மொத்த எடை 525 கிலோவைத் தாண்டக் கூடாது. கிளப் பிரிவில் பழைய கிளைடர்கள். அவற்றுக்குத் தண்ணீர் கிடையாது, மாடலுக்குத் தக்கபடி புள்ளியில் சலுகை உண்டு.

எஞ்சின் இல்லாத வண்டியில் எதற்குச் சுமை? கனம் கூடினாலும் கிளைடர் சறுக்கும் சாய்வு ஏறக்குறைய அதேதான்; அதே சாய்வில் இன்னும் வேகமாகப் போகலாம். வெயிலில் சூடாகி எழும்பும் காற்றில் சுற்றித்தான் கிளைடர் மேலே ஏறும்; அப்போது அந்தக் கனமே தொந்தரவு. அதனால் காற்று பலவீனமானால் தண்ணீரைத் திறந்து கொட்டிவிடுவார்கள். மாப்பிள்ளைக்குக் காலை வேலை முழுக்க ஓஸ் பைப்பும் எடைமேடையும்தான். அப்புறம் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு அடி ஓடுவான்.

இழுவை விமானம் ஒவ்வொரு கிளைடராக ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவரும். இங்கேதான் பார்ப்பவர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள். ஒரு பிரிவில் கடைசி ஆளும் மேலே போன பிறகு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடக்கக் கோடு திறக்கும். திறந்ததும் யாரும் பாய்வதில்லை. அவரவர் கோட்டைக் கடக்கும் நொடியில் அவரவர் கடிகாரம் ஓடத் தொடங்கும். முன்னால் போகிறவர் வெப்பக்காற்று எங்கே எழும்புகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிமிடம் பின்னால் வருகிறவருக்கு அது ஓசியில் கிடைத்துவிடும். ஆகவே எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் வட்டமடித்தபடி, அடுத்தவன் போகட்டும் என்று காத்திருப்பார்கள். ரொம்ப நேரம் காத்தால் சாயங்காலம் காற்று செத்துவிடும், அது வேறு பயம்.

எங்கள் பட்டறையில் பாலிஷ் போடும் தம்பி வரைபடத்தில் முதலில் போகும் புள்ளிதான் ஜெயிக்கும் என்று டீக்குப் பந்தயம் கட்டுவான். "அண்ணே, நம்ம ஆளு முன்னாடி போறாருண்ணே!" மதியம் முடிவு வந்தால் அந்தப் புள்ளி எங்கேயோ கீழே கிடக்கும். டீக்காசு அவன்தான் கொடுக்க வேண்டும்.

வரைபடம் உடனுக்குடன் காட்டாது, வேண்டுமென்றே தாமதித்துக் காட்டும். போட்டியாளர் எங்கே உயரம் எடுக்கிறார் என்று எதிரணி பார்த்து ரேடியோவில் சொல்லிவிடக் கூடாதல்லவா? 2020 ஜனவரியில் இதே மாநிலத்தில் லேக் கீபிட்டில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில், சொந்த நாட்டு அணியே தாமதமில்லாத தகவலைப் பயன்படுத்தி மாட்டிக்கொண்டு புள்ளிகளை இழந்தது. விளையாட்டு எவ்வளவு அமைதியானதாக இருந்தாலும் ஆட்கள் ஆட்கள்தானே.

படிப்பது போதாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போனேன், பருந்து பார்க்க. டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். பகோடா பாயின்ட் பக்கம் அது சரிவில் மோதி மேலே ஏறுகிறது. அங்கே பருந்துகள் வட்டமடிக்காமல் இறக்கையை விரித்தபடி நிற்கின்றன. சேலத்தைப் பார்த்த லேடீஸ் சீட் பக்கம் அந்தக் காற்று இல்லை. வெயில் ஏறி பாறை சூடான பிறகுதான் ஒன்று சுற்ற ஆரம்பிக்கிறது. உடனே நாலைந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. போட்டியிலும் இப்படித்தான் கூட்டம் சேரும். முதலில் நுழைந்தவர் எந்தத் திசையில் சுற்றுகிறாரோ, மற்றவர்களும் அதே திசையில்தான் சுற்ற வேண்டும் என்பது விதி. பருந்துகள் விதி பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஒரு மீட்டர் இறங்க 40 மீட்டர் சறுக்கும் கிளைடர் கிடைத்தால், அசைவில்லாத காற்றிலேயே ராசிபுரத்தைத் தாண்டி இறங்கலாம். நாரோமைன் மாதிரி இடங்களில் 300, 400 கிலோமீட்டர் சுற்றிவருவது எப்படிச் சாத்தியம் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நம்பும்படி இருந்தது. அடுத்து வரும் வெப்பக்காற்று எவ்வளவு பலமோ அதற்குத் தகுந்த வேகத்தில் அதுவரை உள்ள இடைவெளியைக் கடக்க வேண்டும் என்ற கணக்கைப் பிரபலமாக்கியவர் பால் மெக்ரெடி. 1956இல் பிரான்ஸில் உலகப் பட்டம் வென்றவர்.

ஒரு நாள் மாப்பிள்ளை போனை எடுக்கவே இல்லை. அவர்கள் அணியில் ஒருவர் காற்று கிடைக்காமல் யாரோ ஒருவரின் வயலில் இறங்கிவிட்டாராம். டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய், இறக்கைகளைக் கழற்றி ஏற்றி, திரும்பி வர இருட்டிவிட்டது. அப்படி இறங்கினால் போன தூரத்துக்கு மட்டும் புள்ளி உண்டு, வேகத்துக்கான புள்ளி போய்விடும். "கேட்டைத் திறந்தா மறுபடி மூடணும் மாமா, இல்லைன்னா மாடு வெளியே போயிடும். அதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுத்தாங்க" என்றான்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: வரைபடத்தில் நகரும் புள்ளிகளை விட்டுவிட்டு யார் எத்தனை மணிக்குக் கோட்டைக் கடந்தார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உயரத்தைப் பாருங்கள். டீக்குப் பந்தயம் அதற்குப் பிறகு கட்டலாம்.