பேசிப் பேசிப் பழகிய நேரம்

இங்கிலாந்து நிறுவனங்களின் கணக்கு வேலையைச் சென்னையில் உட்கார்ந்து பார்க்கிற எங்களுக்கு ஆங்கிலத்தில் பேச வேண்டியது பெரும்பாலும் நேரத்தைப் பற்றித்தான். எப்போது தருவீர்கள், ஏன் தாமதம், கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா, இன்னும் எவ்வளவு பொறுப்பது. இவற்றை அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் நேராகக் கேட்பது குறைவு. ஒரு மரபுத்தொடரைப் போட்டு நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள். அது பிடிபடாவிட்டால் அன்றைய வேலையே தடம் மாறிவிடும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சித் துறை ஒரு பட்டியல் கொடுக்கும். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’, ‘டைம் ஃப்ளைஸ்’, ‘எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்’ என்று வரிசையாக, பொருளோடு இருக்கும். பிள்ளைகள் ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் அதற்கு நன்றாகவே பழக்கியிருக்கிறது. ஆனால் ஹெட்செட்டை மாட்டியதும் ஒன்றுகூட வாயில் வராது. விழுப்புரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வந்து, கணக்கில் புலிகளாக இருக்கும் பிள்ளைகள் பேச்சில் ஒடுங்கிப்போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் ஷிப்ட் தொடங்குவதற்கு முன் கேண்டீனில் டீ குடிக்கிற நேரத்தில் இரண்டு இரண்டு பேராகப் பேச ஆரம்பித்தோம். நேற்றோ இன்றோ உண்மையில் நடந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், கேட்டவர் அதே தொடரை வைத்து ஒரு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. வேளச்சேரிப் பறக்கும் ரயிலைக் கதவு ஓரமாகத் தொற்றிப் பிடித்தவள் ‘இன் த நிக் ஆஃப் டைம்’, கடைசி நொடியில் பிடித்தேன், என்பாள். எதிரில் இருப்பவள், “நேத்தும் அப்படித்தானா?” என்று ஆங்கிலத்தில் மடக்குவாள். திருப்பிக் கேட்கும் அந்தக் கேள்விதான் உண்மையான பயிற்சி என்று நினைக்கிறேன். தொலைபேசியில் நாம் தயார் செய்து வைத்த வாக்கியத்துக்கு வேலை குறைவு. அடுத்தவர் வீசியதைப் பிடித்துப் பதில் சொல்வதுதான் அங்கே தேவைப்படுகிறது.

பட்டியலில் இல்லாததெல்லாம் இந்தப் பேச்சில் வெளியே வந்தது. முதலில் வந்தது ‘புஷ் பேக்’. நான்கு மணிக் கூட்டத்தை ஒரு மணி நேரம் ‘புஷ் பேக்’ செய்யலாம் என்று வாடிக்கையாளர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது ஐந்து மணி. எங்கள் பெண் மூன்று மணிக்கே எல்லாரையும் உட்காரவைத்துவிட்டாள். “பேக்னா பின்னாடிதானே அக்கா? நாலுக்குப் பின்னாடி மூணுதானே வரும்?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால் முன்கூட்டியே நடத்துவது, ‘புஷ் பேக்’ என்றால் தள்ளிப்போடுவது. இதை விளக்கிச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள், ஆனால் யாருக்கும் பதியவில்லை. தங்கள் வார விடுமுறையை, டீ வேளையை, ஊருக்குப் போகும் பஸ்ஸை இந்த இரண்டு சொற்களால் மாற்றி மாற்றிப் பேசிய பிறகுதான் நாக்குக்குப் பழகியது. நம்மூர் அலுவலகங்களில் முன்கூட்டியே வைப்பதற்குச் சகஜமாகப் புழங்கும் ‘ப்ரீபோன்’ அகராதியில் ஏறிவிட்டாலும், அந்தப் பக்கத்தில் பலருக்கு அது புதுச் சொல். அதனால் ‘பிரிங் ஃபார்வர்ட்’டையே பழகச் சொன்னேன்.

‘க்ளோஸ் ஆஃப் ப்ளே’க்குள் வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தால், அன்றைய அலுவலகம் முடிவதற்குள் என்று பொருள். கிரிக்கெட்டிலிருந்து வந்த தொடர் என்பதால் எங்கள் பையன்கள் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. யாருடைய அலுவலகம்? மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி மாற்றுவார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. லண்டனில் மாலை 5.30 என்றால் இங்கே ஜூலையில் இரவு 10, டிசம்பரில் இரவு 11. அதனால் ‘யுவர் க்ளோஸ் ஆஃப் ப்ளே?’ என்று உடனே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதையும் சேர்த்தே பழகினார்கள். இப்படிக் கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. கேட்கிறவர்களைத்தான் வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள்.

‘அட் தி லெவன்த் அவர்’ என்ற தொடரை எல்லாரும் இரவு பதினொரு மணி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஷிப்ட்டும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் முடியும். நாகர்கோவில் பையன் ஒருவன்தான், “அது பைபிள்ல வர்றது அக்கா, திராட்சைத் தோட்டத்து வேலைக்காரங்க கதை” என்றான். மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரம். சூரிய உதயத்திலிருந்து எண்ணும் பதினோராம் மணி வேளை, அதாவது சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் வேலைக்கு வந்தவர்களுக்கும் நாள் முழுக்க உழைத்தவர்களுக்குக் கொடுத்த அதே கூலி. அதனால்தான் அந்தத் தொடருக்குக் கடைசி நேரத்தில் என்று பொருள். அவன் கதை சொல்லி முடித்ததும் அந்தக் கூலி நியாயமா என்று பெரிய வாக்குவாதம் மூண்டது, அதுவும் ஆங்கிலத்தில். அன்றைக்கு வாய் திறக்காதவர்களே இல்லை.

பொருள் தெரிந்திருந்தும் தவறிப்போவது ‘இட்ஸ் ஹை டைம்’. தொடங்கச் சரியான நேரம் என்று எண்ணி ஒருவன் வாடிக்கையாளரிடம் ‘இட்ஸ் ஹை டைம் யூ சென்ட் த ஃபைல்’ என்றுவிட்டான். அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று சுருங்கியது. “இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்” என்கிற அதட்டல் அதில் இருக்கிறது. மறுநாள் கேண்டீனில் அவனையே வாடிக்கையாளராக உட்காரவைத்து, இன்னொருத்தியை அதே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னேன். கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. பிறகு அவனாகவே ‘வென் யூ கெட் எ மொமென்ட்’, நேரம் கிடைக்கும்போது, என்று மாற்றிச் சொன்னான். ‘டேக் யுவர் டைம்’ சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். இதமாகச் சொன்னால் ஆதரவு, இழுத்துச் சொன்னால் குத்தல். இந்த வித்தியாசத்தை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது, காதால் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் பழக வேண்டும் என்று நான் சொல்வதில்லை. ‘எ ஸ்டிட்ச் இன் டைம்’ என்ற தையல் பழமொழியை எங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ரன்னிங் லேட்’ (தாமதமாகிறது), ‘பேர் வித் மீ’ (கொஞ்சம் பொறுங்கள்), ‘அப் அகைன்ஸ்ட் த க்ளாக்’ (நேரம் நெருக்குகிறது), ‘கால் இட் எ டே’ (இன்றைக்கு இத்தோடு முடிப்போம்) போன்றவை தினமும் காதில் விழுகின்றன. அடுத்து சேரப்போகிறவர்களுக்கு முதல் வாரம் ‘புஷ் பேக்’, ‘பிரிங் ஃபார்வர்ட்’ இரண்டை மட்டும் பேசப் பழக்குவதாக இருக்கிறேன். அக்டோபருக்குள் ‘க்ளோஸ் ஆஃப் ப்ளே’யையும் முடித்துவிட்டால், கடிகாரம் மாறும் வாரத்தில் அவர்கள் என்னிடம் வந்து கேட்காமலே சமாளித்துக்கொள்வார்கள்.